லாகின் பெங்களூரில், ஆள் சித்தூரில்

கட்டமஞ்சி, சித்தூர் வாசகர்: பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கேஸ் சிலிண்டர் வந்தால் நான், கரண்ட் பில் கட்ட நான், அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான். கேட்டால், "வீட்டுலதானே இருக்கே" என்கிறார்கள். எரிச்சல் தலைக்கேறுகிறது.

வீட்டார் மேல் தப்பில்லை. உங்கள் அப்பா வேலைக்குப் போனால் சட்டை மாட்டினார், செருப்புப் போட்டார், பொழுது சாயத் திரும்பினார். வேலையை அவர்கள் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள். நீங்கள் லுங்கியோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு லேப்டாப்பைத் தட்டினால் அது வேலை என்று யாருக்குத் தெரியும்? காட்டுங்கள். காலையில் குளித்து, சட்டை போட்டு, ஒரு மேசைக்குப் போய் உட்காருங்கள். வேலை தொடங்கிவிட்டது என்று உங்கள் மனசுக்கும் அதுதான் தகவல்.

மீட்டிங் நேரங்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். தமிழோ தெலுங்கோ, வீட்டில் யார் எதை வாசிப்பார்களோ அதில் எழுதுங்கள். கூடவே, "மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டேகால் வரை நான் உங்க ஆளு. சிலிண்டர், பில் எல்லாம் அப்போ" என்று சொல்லிவிடுங்கள். எப்போதும் முடியாது என்கிறவனோடுதான் வீடு சண்டை போடும். எப்போது முடியும் என்று சொல்லிவிட்டால் காத்திருக்கும். அத்தை ஆஸ்பத்திரிக்கு மட்டும் அரைநாள் லீவு போட்டே போங்கள். டாக்டர் அறை வாசலில் ஒரு காதில் டீம் கால், மறு காதில் டோக்கன் நம்பர் என்று நிற்பதுதான் மனுஷனைக் கசக்கிப் பிழிகிறது. அத்தைக்கும் அது மரியாதை இல்லை.

சத்தியவேடு வாசகர்: தியான ஆப் ஒன்று போட்டேன். "இன்னும் தியானம் செய்யவில்லை" என்று அதுவும் நாளுக்கு மூன்று தடவை நினைவூட்டுகிறது.

அதை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். பன்னிரண்டு மணிநேர வேலையை ஐந்து நிமிட மூச்சு ஈடுகட்டாது.

எம்.ஆர். பள்ளி, திருப்பதி வாசகி: கம்பெனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. பெங்களூரில் தனி அறை எடுக்கவா, திருப்பதியிலேயே இருக்கவா? மனசுக்கு எது நல்லது?

கணக்கைக் கேட்டால் அது திருப்பதி பக்கம்தான் சாய்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மாநகரங்களில் 100 பேருக்கு 13.5 பேரிடம் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கிராமங்களில் 6.9. மாநகரம் அல்லாத நகரங்களில் 4.3 மட்டுமே. ஆனால் மாநகரம்தான் நோயைக் கொடுக்கிறது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பரவும் முன்பு எடுத்த கணக்கும்கூட.

நான் யோசிப்பது வேறு மாதிரி. பெங்களூருக்கு நாம் போனதே மனிதர்களுக்காக. ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர், டீ நேரத்தில் தானாகக் காதில் விழும் வேலை நுணுக்கம், சனிக்கிழமை சினிமாவுக்குச் சேரும் கும்பல். அது எதுவும் இல்லாமல் அறையில் அடைந்து கிடந்தால் அந்த ஊரில் உங்களுக்கு மிஞ்சுவது வாடகையும் டிராஃபிக்கும்தான். வேலையில் சேர்ந்து ஓரிரு வருஷம்தான் ஆகிறதென்றால் போங்கள், ஆனால் வாரம் இரண்டு நாளாவது ஆபீஸில் போய் உட்காருங்கள். இல்லை, அனுபவம் இருக்கிறது, ஆபீஸுக்கே போகப்போவதில்லை என்றால் திருப்பதி போதும்.

ஆனால் திருப்பதியிலும் ஒரு சிக்கல் உண்டு. கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ஊர் உங்களுடையது, ஊரில் உங்கள் வயசு ஆள் இல்லை. ஆகவே ஊரை விடுங்கள், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வாசலில் போய் நிற்கக்கூடிய வீடு எந்த ஊரில் இருக்கிறது? அந்த ஊரில் இருங்கள்.

பலமநேர் வாசகர்: நாலு வீடியோ மீட்டிங் முடிந்தால் மூளை காய்ந்துபோகிறது. ஆபீஸில் நாள் முழுக்கப் பேசினாலும் இப்படி இருந்ததில்லை. எனக்கு மட்டும்தானா?

இல்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பைலன்சன் 2021இல் இதற்கு நாலு காரணம் சொன்னார். எல்லா முகமும் மிக அருகில் நம்மையே முறைப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, தலையசைப்பைக்கூட மெனக்கெட்டுக் காட்ட வேண்டியிருப்பது. திரையில் உங்கள் முகத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். நாள் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பேச யாரால் முடியும்? நாலில் ஒரு மீட்டிங்கையாவது குரல் மட்டும் என்று வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தபடி பேசுங்கள்.

பைராகிப்பட்டெடா, திருப்பதி வாசகர்: அமெரிக்க கம்பெனி வேலை. மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் எழும்போது அதிகாலை மூன்றரை. ஊரே எனக்கு அந்நியமாகிவிட்டது. வீட்டில் யாரிடமாவது முழுசாகப் பேசியே பல நாள் ஆகிறது.

மலையில் சுப்ரபாதம் பாடும் வேளையில் நீங்கள் லாகவுட் செய்கிறீர்கள். நீங்கள் படுத்துக் கண் அயரும்போது வாசல் தெளிக்கும் சத்தம், பால் வண்டி, கோயில் மைக், குக்கர் விசில் என்று திருப்பதி முழுசாக விழித்துக்கொள்கிறது. உங்கள் சிரமத்தில் பாதி இந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது, அதை முதலில் சரி செய்வோம்.

உடம்பின் கடிகாரத்தை ஓட்டுவது வெளிச்சம். வீட்டின் பின்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை, அதுவும் கருப்பாக. ஃபேன் சத்தம் வெளிச் சத்தத்தை ஓரளவு மூடும். காபி நள்ளிரவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். குடித்த காபியின் வீரியம் பாதியாகவே சுமார் ஐந்து மணிநேரம் ஆகும். சனி, ஞாயிறு வந்தால் ஒரேயடியாகப் பகல் ஆளாக மாறி, திங்கட்கிழமை மறுபடி ராத்திரி ஆளாக மாறுகிறீர்கள் அல்லவா, அங்கேதான் உடம்பு குழம்புகிறது. விடுமுறை நாளிலும் தூங்கும் நேரத்தை இரண்டு மணிநேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம்.

மீதிப் பாதி மனிதர்கள். உங்கள் வீட்டின் மத்தியானச் சாப்பாடுதான் உங்களுக்குக் காலைப் பலகாரம். அதை அறைக்குள் கொண்டுபோகாமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. ஐந்து மணிக்கு வெயிலில் இறங்கி டீக்கடை வரை போய்வாருங்கள். வெயிலும் கிடைக்கும், கடைக்காரரோடு பேச்சும் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்து பார்த்தும் இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு வசப்படவில்லை என்றால் பகல் டீமுக்கு மாற்றிக் கேளுங்கள். இரவு வேலை எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்வதில்லை. அதில் வெட்கப்பட எதுவும் கிடையாது.

நகரி வாசகி: பெண்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்று முதல்வர் அறிவித்தபோது சந்தோஷப்பட்டேன். இப்போது கம்பெனி வேலையும் அடுப்பு வேலையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அழுகை வருகிறது, யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குச் சொல்லிவிட்டீர்கள். அடுத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே.

2025 பிப்ரவரி 11 அன்று சந்திரபாபு நாயுடு அறிவித்ததில் எல்லோரும் பிடித்துக்கொண்டது 'வீட்டிலிருந்து வேலை' என்ற பகுதியை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, ஊர் ஊருக்கும் மண்டலம் மண்டலத்துக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே பொது வேலையிடங்கள் அமைப்போம் என்ற பகுதி. காரணம் எளிது. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 299 நிமிடம் உழைக்கிறார், ஆண் 97 நிமிடம். ஆபீஸுக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஐந்து மணிநேர உழைப்பு காலையிலும் மாலையிலுமாகப் பிரிந்து வரும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது வேலை நேரத்துக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் மனசு பலவீனமாக இருப்பதால் அழுகை வரவில்லை. இரண்டு ஆள் வேலை ஒருத்தி தலையில் இருக்கிறது, அதனால் வருகிறது.

அதனால் "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்க வேண்டாம். உதவி என்றால் வேலை உங்களுடையது என்று ஆகிவிடும். முழுசாக ஒன்றைப் பிரித்துக் கொடுங்கள்: ராத்திரிச் சமையல் அவருடையது, பிள்ளையின் வீட்டுப்பாடம் அவருடையது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். மாமியாரிடம் பேச வேண்டியதை அவரே பேசட்டும், அது அவர் அம்மா. பக்கத்தில் அத்தகைய வேலையிடமோ, நூலகமோ, அம்மா வீடோ இருந்தால் வாரம் இரண்டு நாள் அங்கே போய் உட்காருங்கள். நீங்கள் வாசலைத் தாண்டினால்தான் நீங்கள் செய்துகொண்டிருந்த வேலை எவ்வளவு என்று வீட்டுக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் காரணமில்லாமல் அழுகை தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் இப்படி இருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கிரீம்ஸ்பேட்டை, சித்தூர் வாசகி: மகன் பெங்களூரு மாரத்தஹள்ளியில் பி.ஜி.யில் இருக்கிறான். ஆபீஸே கிடையாது, அறையிலிருந்துதான் வேலை. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான். இப்போது "சாப்பிட்டேன்மா, வேலை இருக்கு, வச்சிடறேன்" என்பதோடு சரி. தீபாவளிக்கும் வரவில்லை. நான்தான் அதிகமாகக் கவலைப்படுகிறேனா?

இல்லையம்மா. கவனிக்க வேண்டியதைத்தான் கவனித்திருக்கிறீர்கள். பேச்சு குறைவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், வளர்ந்த பிள்ளைகள் குறைவாகத்தான் பேசுவார்கள். பிடித்ததைக் கைவிடுவதுதான் கவலைக்குரியது. தீபாவளிக்கு முதல் ஆளாக டிக்கெட் போட்டவன் வராமல் இருப்பது, கிரிக்கெட் பைத்தியம் ஸ்கோர்கூடக் கேட்காமல் இருப்பது, தூக்கம் தலைகீழாவது, உடம்பு இளைப்பது, "என்னால ஒண்ணும் ஆகாது" என்பது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் இது மனச்சோர்வு நோயா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள்.

'சாப்பிட்டியா' என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கிறது, அவன் அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். "என்ன சாப்பிட்டே? யாரோட சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். வாரம் முழுக்க 'தனியாத்தான்' என்று வந்தால் அவன் நிலைமை உங்களுக்கே புரியும்.

இதைப் போனில் தீர்க்க முடியாது. போய்ப் பாருங்கள். சித்தூரிலிருந்து பெங்களூருக்கு எத்தனையோ பஸ். வருகிறேன் என்று சொல்லிவிட்டே போங்கள், திடீரென்று போய் நின்றால் சோதனை போட வந்த மாதிரி ஆகிவிடும். போனால் என்ன பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்: ஒரு கட்டில், அதன் மேலேயே லேப்டாப், திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் முட்டும் ஜன்னல், கதவோரம் ஹோட்டல் சாப்பாட்டு டப்பாக்கள். "ரூமை ஏன்டா இப்படி வச்சிருக்கே" என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். வெளியே அழைத்துக்கொண்டு நடங்கள். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்காத பையன்கள், பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டால் பேசுவார்கள். "உனக்கென்னடா குறை, கை நிறையச் சம்பளம்" என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். அதைக் கேட்டவன் அப்புறம் எதையுமே சொல்ல மாட்டான். "கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து இருந்து வேலை பாரு. யாரும் எதுவும் கேட்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மாமா, சித்தப்பா, எதிர் வீட்டுக்காரர் யாரும் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எந்த வடிவில் வந்தாலும், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, உள்ளே இருப்பது வெளியே வரும். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவு ராப்பகலாக இயங்குகிறது. டெலி-மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபர் முதல் இருக்கிறது, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அவன் பேச மறுத்தால் நீங்களே பேசி என்ன செய்வது என்று கேட்கலாம்.

கோர்லகுண்டா, திருப்பதி வாசகர்: அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து போனால் மன அழுத்தம் போகுமா?

3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். அன்றைக்கு நிச்சயம் போகும். நடை, வியர்வை, பச்சை, முன்பின் தெரியாதவர் நீட்டும் தண்ணீர் பாட்டில், எல்லாமே மருந்துதான். ஆனால் தினமும் வேண்டிய மருந்தை மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் குடிக்க முடியாது. தினமும் கபில தீர்த்தம் வரை நடங்கள், மாதம் ஒருமுறை மலை ஏறுங்கள். சிறுத்தை நடமாட்டம் உள்ள பாதை, ஆகவே தேவஸ்தானம் சொல்லும் நேரத்தில், கும்பலோடு.

முருகம்பட்டு, சித்தூர் வாசகர்: மேனேஜர் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போடுகிறார். உடனே பதில் போடாவிட்டால் தூக்கம் வரவில்லை. போட்டாலும் வரவில்லை.

பதினொரு மணிக்குப் பதில் போடும் ஆள் என்று அவருக்கு நீங்கள்தான் பழக்கியிருக்கிறீர்கள். ஆகவே பழக்கத்தை மாற்றுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு, ஒரு நாள் தவறாமல், தெளிவாகப் பதில் போடுங்கள். "உண்மையிலேயே அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், எடுப்பேன்" என்று ஒருமுறை எழுதிவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணும் அளவுக்கு அவசரம் எவ்வளவு குறைவு என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

இது சோம்பல் இல்லை, உயிர்க் கணக்கு. வாரம் 55 மணிநேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொன்னன. பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. சட்டம் வரும் வரை லேப்டாப்பைப் பைக்குள் போட்டு, பையைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

புத்தூர் வாசகர்: மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று நானே நினைக்கிறேன். வீட்டில், "வெளியே தெரிஞ்சா பொண்ணு கொடுக்க மாட்டாங்க" என்கிறார்கள். மாத்திரை போட்டால் பழகிவிடும் என்றும் சொல்கிறார்கள்.

வெளியே எப்படித் தெரியும்? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை. மற்ற நோய்களுக்குச் சமமாக மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, உங்கள் கம்பெனி பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியின் ரூயா மருத்துவமனை இருக்கிறது. ஊர்க்காரர் கண்ணில் படக்கூடாது என்றால் வேலூருக்குப் போங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்துச் சிகிச்சை தருவதில் பெயர்பெற்ற இடம் அது.

மனச்சோர்வுக்குப் பொதுவாகக் கொடுக்கும் மாத்திரைகள் போதை மாதிரி பழக்கப்படுத்துவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பலர் முதல் வாரத்திலேயே, "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் நன்றாகிவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் சட்டென நிறுத்துகிறார்கள். இரண்டும் கூடாது. சிலருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது, பேச்சு சிகிச்சையே போதும். அதை டாக்டர் சொல்லட்டும், எதிர் வீட்டு மாமி வேண்டாம். பெண் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடம்பும் மனசும் தேறிய மாப்பிள்ளையைத்தான் எந்தப் பெண்ணும் கேட்பாள்.

பவானி நகர், திருப்பதி வாசகர்: மே மாதம் கங்கம்மா ஜாத்திரை. டீமில் எல்லோரும் வேறு ஊர்க்காரர்கள். இதற்குப் போய் லீவு கேட்பதா என்று தயக்கம். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டே ஜாத்திரையும் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். லீவு போடுங்கள். தாத்தய்யகுண்டா கங்கம்மாவுக்கு ஊரே வேஷம் கட்டும் வாரம் அது. பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம், தொர வேஷம், மாதங்கி வேஷம் என்று நாளுக்கு ஒன்று, ஆண்கள் சேலை கட்டிப் பூ வைத்து வரும் நாளும் உண்டு. பண்ட வேஷத்தில் வாய்க்கு வந்தபடி திட்டலாம், யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. வருஷம் முழுக்க ஒரு திரைக்கு முன்னால் அடக்கமாகத் தலையாட்டியவருக்கு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் தோள் இடித்துக்கொண்டு நிற்கும் இப்படி ஒரு வாரம் எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச்சிலேயே மேனேஜருக்கு எழுதிவிடுங்கள். எந்தெந்த நாள் வரமாட்டீர்கள், அந்த நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள், இரண்டும் அதில் இருக்கட்டும். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போடாதீர்கள். 'எங்கள் ஊர் கங்கம்மா ஜாத்திரை' என்று பெயரோடு போடுங்கள். டீமில் ஒருவராவது அது என்ன திருவிழா என்று கேட்பார். அவரையும் அடுத்த வருஷம் வரச் சொல்லுங்கள்.